கடலோரமா, மலைத்தடமா?

மோட்டார் வண்டிகள் வராத பாதையில் சில நாள் சைக்கிள் பயணம் என்றால், கடலோரம் சுலபம், மலை கடினம் என்றுதான் தோன்றும். பாதி உண்மைதான். கடலோரத்தில் ஏற்றம் குறைவு. ஆனால் எதிர்காற்று வீசினால் சமதளமே மேடாகிவிடும். மேட்டுக்காவது ஒரு முடிவு உண்டு! அதனால் காற்றின் திசை பார்த்து, எந்த முனையில் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். உப்பும் மணலும் செயினுக்கு ஆகாது. மாலையில் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மலைப்பக்கம், கைவிடப்பட்ட ரயில் தடத்தில் அமைத்த பாதை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ரயில் ஏறுவதற்காக வெட்டிய தடம் என்பதால் 100 மீட்டருக்கு 2, 3 மீட்டருக்கு மேல் ஏறுவது அபூர்வம். அயர்லாந்தின் 46 கி.மீ. வாட்டர்ஃபோர்டு பாதை அப்படிப்பட்டதுதான். காட்டுத்தடம் என்றால் கதை வேறு: சரளை, செங்குத்து; அகல டயர் வேண்டும். என் ஓட்டு ரயில் தடத்துக்கே.