கம்பியைக் குத்தாமல் கசிவைக் காட்டும் கருவி: யூனி-டி யூடி210இ கிளாம்ப் மீட்டர்

கார்களுக்கு ஸ்டீரியோ, பின்புறக் கேமரா, பார்க்கிங் சென்சார், அலாரம் ஆகியவற்றைப் பொருத்துவதும், ஏற்கெனவே பொருத்தியவற்றால் வரும் மின்கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதும் என் தொழில். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் பட்டறை, வண்டிகள் குலசேகரம், மார்த்தாண்டம், குளச்சல், முட்டம் என்று நாலாபக்கமிருந்தும் வருகின்றன. பட்டறையில் ஸ்கேனரும் நல்ல மல்டிமீட்டரும் இருந்தாலும், நாள்தோறும் முதலில் கைக்கு வருவது கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும், உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறிய கிளாம்ப் மீட்டர்தான். கார் எலக்ட்ரிக்கல் வேலையில் இருக்கும் எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது மட்டும் முக்கியம்.

எங்களிடம் மிக அதிகமாக வரும் முறையீடு ஒன்றுதான்: "பேட்டரி புதுசு அண்ணே, ஆனா ரெண்டு நாள் நிறுத்திப் போட்டா செல்ஃப் எடுக்கல்ல." சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக் போன்றவற்றுக்காகக் கார் கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் 30 மில்லிஆம்பியர் மட்டும் போய்க்கொண்டிருந்தால், கணக்குப்படி அது முழுதாகக் காலியாக ஏறக்குறைய 48 நாள் ஆகும். அதுவே 400 மில்லிஆம்பியர் என்றால் நான்கு நாள்கூடத் தாங்காது. செல்ஃப் சுற்றும் வலு அதற்கும் முன்பே போய்விடும். நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம், அவர்களின் கார்கள் மாதக்கணக்கில் வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றன. அப்படி நிற்கும் வண்டியில் கோளாறே இல்லாவிட்டாலும் பேட்டரி இறங்கத்தான் செய்யும். இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லாமல் புதிய பேட்டரியை விற்று அனுப்புவது நியாயமில்லை.

கசிவை அளக்கும் பழைய முறையில் பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரைச் சேர்க்க வேண்டும். இதில் இரண்டு இடையூறுகள் உண்டு. கம்பியைக் கழற்றி மாட்டினால் வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் புதிதாக விழித்துக்கொள்ளும்; உறங்காமல் மின்னோட்டத்தைத் தின்றுகொண்டிருந்த ஒரு பெட்டி அந்த நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றி, கோளாறு நம் கண்ணுக்குத் தப்பிவிடும். அளந்துகொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தோ சாவியைப் போட்டோ விட்டால் மீட்டருக்குள் இருக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும் என்பது மற்றொன்று. கிளாம்ப் மீட்டரில் இந்த இரண்டும் இல்லை. கம்பியைச் சுற்றி அதன் தாடையை மூடினால் போதும். மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை உள்ளிருக்கும் ஹால் சென்சார் உணர்ந்து அளவைக் காட்டிவிடும். வண்டி எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே அதைச் சோதிக்க முடிகிறது.

கடலோர மாவட்டத்தில் இதற்கு மேலும் ஒரு மதிப்பு இருக்கிறது. மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்பின் ஊசியைக் கம்பியின் உறையில் குத்திப் பார்ப்பது நம் தொழிலில் பரவலான பழக்கம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் வாங்கும் இந்த மண்ணில், அதுவும் கடற்கரைக் கிராமங்களில், குத்திய அந்தச் சிறு துளை வழியே ஈரமும் உப்பும் உள்ளே போய்ச் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. உறைக்கு உள்ளேயே கம்பி அரித்துப்போவதால், மாதங்கள் கழித்து வேறொரு கோளாறாகவே அது வெளிப்படும். குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கத்து வண்டிகளைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த இடத்திலும் உறையைக் குத்தாமல் மின்னோட்டத்தைக் காட்டும் கருவியை நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இந்த மாடலில் 2, 20, 100 ஆம்பியர் என மூன்று அளவெல்லைகள் உள்ளன. 2 ஆம்பியர் எல்லையில் ஒவ்வொரு மில்லிஆம்பியராகக் காட்டுகிறது என்பதே கார் வேலைக்கு இதை ஏற்றதாக்குகிறது. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மஞ்சள் கம்பிக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். சிவப்புக் கம்பிக்குச் சாவி போட்டால் மட்டுமே வர வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிலையான மின்சாரத்தில் இணைத்துவிட்டால், திரை அணைந்திருந்தாலும் பெட்டி உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். மஞ்சள் கம்பியில் தாடையை மாட்டிய நொடியே அது தெரிந்துவிடும். அந்த எண்ணை வண்டிக்காரரையே பார்க்கச் சொல்லி, சிவப்புக் கம்பியைச் சரியான இடத்தில் சேர்த்த பிறகு மறுபடியும் காட்டுவேன். எதற்குக் கூலி கொடுக்கிறோம் என்பது அவருக்கு ஐயமின்றிப் புரிகிறது.

பயன்படுத்துவதில் சில ஒழுங்குகள் வேண்டும். பூமியின் காந்தப்புலத்தைக்கூட இவ்வகைச் சென்சார் உணரும் என்பதால், அளக்கப்போகும் கம்பிக்கு அருகில், எந்தக் கோணத்தில் மாட்டப்போகிறோமோ அதே கோணத்தில் மீட்டரைப் பிடித்து, தாடை காலியாக மூடியிருக்கும்போது பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டு அதன் பிறகே மாட்ட வேண்டும். ஸ்பீக்கருக்கோ சப்வூஃபருக்கோ பக்கத்தில் வைத்து எடுத்த அளவை நம்பக் கூடாது. நெகடிவ் முனையில் இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்திருந்தால் அனைத்தையும் ஒன்றாகத் தாடைக்குள் கொண்டுவர வேண்டும். ஒன்றை விட்டாலும் கணக்குப் பிழைக்கும். வண்டியைப் பூட்டிய பின் பெட்டிகள் எல்லாம் உறங்குவதற்குச் சில வண்டிகளில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை பொறுமை தேவை. தொடாமல் விட்டால் மீட்டர் தானாக அணைந்துவிடும் என்பதால், காத்திருந்தபின் மறுபடியும் பூஜ்யமாக்கி அளப்பதே சரி.

குறைகளையும் சொல்ல வேண்டும். 20, 30 மில்லிஆம்பியர் போன்ற சிறிய அளவுகளில் எண் சற்று மேலும் கீழும் தாவும். கசிவு உண்டா இல்லையா என்று முடிவுசெய்ய அது போதும், துல்லியமான கணக்குக்குப் போதாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பெரும்பாலும் 100 ஆம்பியரைத் தாண்டுவதால் அந்தச் சோதனைக்கு இது ஆகாது. 17 மில்லிமீட்டர் தாடை ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நெருக்கடியான இடங்களில் எளிதாக நுழைகிறது, ஆனால் பெரிய வண்டிகளின் தடித்த பேட்டரிக் கேபிள் கட்டுகள் அதற்குள் அடங்குவதில்லை. கசிவு எந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது என்று பிரித்தறிய, ஃபியூஸைப் பிடுங்காமல் அதன் முதுகில் தெரியும் இரண்டு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்க்கும் முறையையே நான் கையாளுகிறேன்; மின்னோட்டம் போகும் ஃபியூஸில் மட்டுமே அந்தச் சிறு வோல்ட் தெரியும். அந்த வேலையை நல்ல மல்டிமீட்டரிடம் விட்டுவிடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் பஸ் கம்பிகளுக்கு இடையே 60 ஓம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதன் வேலைதான்.

பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கவும் இது நன்றாக உதவுகிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறது என்பதை மட்டும் பார்த்து நிறைவடையாமல், பேட்டரிக் கம்பியில் இதை மாட்டினால் மின்னோட்டம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதை எண்ணுக்கு முன்னால் வரும் கழித்தல் குறி காட்டிக்கொடுக்கும். கூடுதல் விளக்குகளும் ஆம்பிளிஃபையரும் பொருத்திய வண்டிகளில், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குகிறதா என்பது இதனால் தெளிவாகும்.

கருவி இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரிகளில் இயங்குகிறது. இதே வரிசையில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சில மாடல்கள் மாறுமின்னோட்டத்தை, அதாவது வீட்டு மின்சாரத்தை, மட்டுமே அளக்கும். கார் வேலைக்கு அவற்றால் பயன் இல்லை. கடையிலோ இணையத்திலோ வாங்கும்போது பெயரின் கடைசியில் 'இ' (E) இருக்கிறதா, டிசி, அதாவது நேர்மின்னோட்டத்துக்கான, 2 ஆம்பியர் அளவெல்லை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு பணம் கொடுங்கள்.