திரையைப் பற்றி யாரிடம், எப்படிக் கேட்பது? நீலகிரிக்கு எந்த வழி ஒத்துவரும்

சிறு தேயிலை விவசாயிகளுக்கான ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். அன்று கொடுத்த பச்சைத் தேயிலையின் எடை, ஈரத்துக்கான கழிவு, கிலோ விலை, வரவேண்டிய தொகை நான்கும் முதல் திரையில் இருக்கின்றன. வடிவமைத்தவர் கோவையிலோ சென்னையிலோ இருப்பார். பயன்படுத்துபவர் மஞ்சூரிலோ கோத்தகிரியிலோ பந்தலூரிலோ இருப்பார். திரை அவர் கைக்குப் பழகுகிறதா என்று அறிய நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: செயலிக்குள்ளேயே கருத்துப் படிவம், குறுஞ்செய்தி அல்லது குரல் பதிவு, பயன்பாட்டுப் பதிவுகள், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இவற்றில் ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் வாங்க நினைப்பதில்தான் பெரும்பாலும் பணம் வீணாகிறது.

படிவம்

மலிவானது, ஆகவே எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். ஐந்து நட்சத்திரம் கேட்டால் நான்கு வரும்; அதை வைத்துக்கொண்டு எந்தப் பட்டனை மாற்றுவது என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்கள் பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) அளவுகோலுக்குப் போவார்கள். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டு, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை. ஒற்றைப்படைக்கு வந்த எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக்கு வந்த எண்ணை 5-இலிருந்து கழிக்க வேண்டும். கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு எண் கிடைக்கும். அது சதவீதம் அல்ல. 68-ஐத்தான் வழக்கமாகச் சராசரியாகக் கொள்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படிக்காமல் பத்துக்கும் 5 போட்டாலும் 50, பத்துக்கும் 3 போட்டாலும் 50, பத்துக்கும் 1 போட்டாலும் அதே 50. “தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது” என்ற வாக்கியத்துக்கு உடன்படவில்லை என்று சொன்னால் பாராட்டா, திட்டா என்று குழம்புகிறவர் ஒரே வரிசையாகத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படி வந்த விடைகளைச் சராசரியில் சேர்க்காமல் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பழைய வடிவத்தையும் புதியதையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க மட்டும் இந்த எண் உதவும்.

படிவத்தை எப்போது காட்டுகிறோம் என்பதும் முக்கியம். எடையைப் பார்க்கச் செயலியைத் திறப்பவர் முகத்தில் படிவத்தை நீட்டினால் மூடுவதற்காகவே எதையாவது தட்டுவார். பார்க்க வந்ததைப் பார்த்து முடித்த பிறகு கேளுங்கள். நெட்வொர்க் போய்ப்போய் வரும் ஊர்களில், எழுதியது போனிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் தானாகப் போக வேண்டும். ஒரு தடவை எழுதியது காணாமல் போனால் அந்த ஆள் மறுபடி எழுத மாட்டார்.

குறுஞ்செய்தியும் குரலும்

தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறியீடுகள்தான். ஆங்கில எழுத்தில் 160. உயிர்க்குறிகள் தனித்தனியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் “கழிவு” இந்தக் கணக்கில் ஐந்து. குறை சொல்ல ஆரம்பிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். குரல் பதிவு இதைவிட நூறு மடங்கு தேவலை. படிவத்தைத் தொடவே தொடாதவர் வாய்திறந்து கொட்டிவிடுவார், கோபமும் அப்படியே வந்து சேரும். “எந்த இடத்துக்குப் போனீங்க, என்ன செய்யப் பார்த்தீங்க, என்ன ஆச்சு?” என்ற மூன்றை மட்டும் கேட்டுவிட்டால் போதும். இல்லாவிட்டால் “பட்டனைப் பெருசாக்குங்க” என்று தீர்வைச் சொல்வார், பிரச்சினையைச் சொல்ல மாட்டார்.

இதில் செலவு கேட்கிற பக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிடப் பதிவு ஐம்பது வந்தால் ஒருவர் முழுசாக உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுத்தாக வேண்டும். பாதி படுக மொழியிலும் கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்தும் வரும் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் கருவிகளிடம் விடுவது வீண்.

பயன்பாட்டுப் பதிவுகள்

எங்கே தட்டினார், எவ்வளவு நேரம் நின்றார், எங்கிருந்து திரும்பினார் என்பதெல்லாம் தானாகச் சேரும். ஏன் என்பது மட்டும் வராது. மகள் பள்ளியிலிருந்து வந்து அப்பாவுக்காகத் திறந்து பார்த்துச் சொல்லும் வீடுகளில் பதிவுகள் “எல்லாம் சுலபம்” என்றே காட்டும். அப்பாவால் திறக்கவே முடியவில்லை என்பது எந்த வரைபடத்திலும் தெரியாது. ஒரு திரையில் 40 விநாடி நின்றார் என்றால் யோசித்தாரா, பக்கம் இறங்கக் காத்திருந்தாரா? இறங்கி முடிந்த நேரத்தைத் தனியாகக் குறிக்காத பதிவு இந்த மலையில் உதவாது. ஒரே இடத்தில் நாலைந்து தட்டல் விழுந்தால் எரிச்சல் என்று சமவெளிக்காரர் எழுதிவிடுவார். தென்மேற்குப் பருவமழையில் பந்தலூரில் அது திரைமேல் நின்ற தண்ணீராகவும் இருக்கலாம்.

சம்மதம் வாங்காமல் இதைச் செய்யக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அதில் உண்டு. படுக மொழி இல்லை.

பக்கத்தில் உட்காருவது

நான்கில் கையைச் சுடும் செலவு இதற்குத்தான். ஒரே ஒரு வழிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதையே எடுக்கலாம். ஒரு குறையை ஒருவர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் கணக்கிட்டார்கள். அதன்படி ஐந்து பேரிடம் பார்த்தால் சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். ஆனால் அந்த ஐவரும் ஒரே மாதிரியான பயனாளர்களாக இருக்க வேண்டும். கோத்தகிரி விவசாயி, பந்தலூர் விவசாயி, இலை எடை போடும் பணியாளர் மூவரும் மூன்று தனிக் கூட்டம். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேர் வேண்டும்.

வேலையைச் சொல்லும்போது திரையில் உள்ள வார்த்தையைச் சொல்லக்கூடாது. “கழிவு பட்டனைத் தொடுங்க” என்றால் அது தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாகிவிடும். “நேத்து கொடுத்த இலையில எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க” என்று கேளுங்கள். “இதை அமுத்தட்டுங்களா?” என்றால் “உங்களுக்கு என்ன தோணுதுங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

வந்தவரை முகம் வாடவிடக்கூடாது என்று “நல்லாத்தாங்க இருக்கு” என்பார்கள். இரண்டு வடிவங்களைக் கொடுத்து ஒரே வேலையை இரண்டிலும் செய்யச் சொன்னால் இந்த மரியாதை தானாகக் கழன்றுவிடும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். இரண்டாவதாக வருவது பழக்கத்தாலேயே சுலபமாகத் தெரியும்.

அவர்களுடைய போனிலேயே பாருங்கள். எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். “பச்சைத் தேயிலை விலை” என்ற பட்டன் அப்போது பாதியில் வெட்டுப்படும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியில் கீழே இறங்கும் கோடுகளும் கீழ்வரியில் மேலே எழும் சுழிகளும் முட்டிக்கொள்ளும். தொடுமிடம் ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (திரையின் அடர்த்திக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஈரக்கையோடு தட்டச் சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு போதும் என்பது பொது விதி. மதிய வெயிலில் தோட்டத்தில் நின்று பார்த்தால் அது போதாது.

வேறு எந்த வழியிலும் சிக்காத குறையும் இங்கேதான் சிக்கும். விலை மாதம் முடிந்தபின்தான் இறுதியாகும்; அதுவரை திரை காட்டும் தொகை “உத்தேசம்”தான். அந்த வார்த்தை இல்லாமல் வெறும் எண்ணைப் போட்டால் விவசாயி அதையே கணக்கில் எழுதிக்கொள்வார். அடுத்த மாதம் சண்டை வரும். படிவத்தில் இவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்.

பக்கத்தில் உட்காருவதற்கு முதலிடம் என்பது தினமும் திறக்கும் திரைக்குத்தான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாங்க வேண்டியிருக்கும் இ-பாஸ் மாதிரி, எப்போதாவது ஒருமுறை வந்துபோகிறவர்களுக்கான திரை என்றால் கணக்கு மாறும். அங்கே ஆட்களைத் தேடிப் பிடித்து உட்காரவைப்பது கஷ்டம். பதிவுகள் முதலிடத்துக்கு வரும். எந்தக் கட்டத்தில் விட்டுப் போகிறார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை முடியும். வாகன எண் கட்டத்தில் நின்றுவிட்டால், “டிஎன் 38” என்பதற்கு நடுவே இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் ஏற்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.