எம்டிஎம் முதலில், ஆர்எம்எம் அப்புறம்: திருப்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து

கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஏதாவது வாங்கலாம் என்று இறங்கினால், விற்க வருகிற எல்லோரும் தங்கள் சாஃப்ட்வேரே போதும் என்பார்கள். வசதிப் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எம்டிஎம் (மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்), ஆர்எம்எம் (ரிமோட் மானிட்டரிங் அண்ட் மேனேஜ்மென்ட்) என்று இவை இரண்டு வகை. இரண்டிலும் பேட்ச் (ஓட்டை அடைக்கும் அப்டேட்) போடலாம், சாஃப்ட்வேர் இறக்கலாம், கணக்கெடுக்கலாம். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேலை. ஒரு சாதனம் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வைப்பது எம்டிஎம். அந்த மெஷினுக்கு இந்த நிமிடம் என்ன ஆயிற்று என்று பார்த்துக் கை வைப்பது ஆர்எம்எம்.

நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். மெர்ச்சன்டைசர்களிடம் லேப்டாப்பும் போனும், அக்கவுண்ட்ஸிலும் பேக்கிங்கிலும் டெஸ்க்டாப், மூலையில் ஒரு டேலி சர்வர். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் ஏற்கெனவே எடுத்திருந்தோம், அதோடு மைக்ரோசாஃப்டின் எம்டிஎம்மான இன்டியூன் வந்தது. ஆர்எம்எம் தனியாக வாங்கினோம். அதன்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அதனால் பெயர் வேண்டாம்.

போன் விஷயத்தில் எம்டிஎம்மை விட்டால் வேறு வழியே இல்லை. ஐபோனை நிர்வகிக்க ஆப்பிள் திறந்து வைத்திருக்கும் வாசல் அது ஒன்றுதான். ஆண்ட்ராய்டில், ஆள் சொந்தப் போனையே கொண்டுவந்தால் வேலைக்கென்று தனிப் பகுதி ஒன்று உருவாகும். ஆபீஸ் மெயிலும் ஃபைலும் அதற்குள் மட்டும். ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “ஏனுங்க சார், என்ற கேலரியெல்லாம் உங்களுக்குத் தெரியுமுங்களா?” தெரியாது. ஆள் வேலையை விட்டுப் போனால் அந்த வேலைப் பகுதியை மட்டும் அழிக்கலாம், குடும்பப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. இதைப் போனிலேயே காட்டிய பிறகுதான் போன்களை எம்டிஎம்மில் பதிவு செய்வது வேகமெடுத்தது.

ஐபோன்களை நிர்வகிப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்டிஎம் ஐபோனோடு பேசத் தேவையான ஆப்பிள் புஷ் சான்றிதழை வருடத்துக்கு ஒரு முறை, அதே ஆப்பிள் ஐடியில் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போய் வேறு ஐடியில் புதிதாக எடுத்தால் எல்லா ஐபோனையும் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியதுதான். அந்த ஐடியை எந்த ஊழியரின் சொந்தப் பெயரிலும் தொடங்காமல், கம்பெனியின் பொது மெயிலில் தொடங்குங்கள்.

இன்டியூனில் பொறுமை வேண்டும். விதியை மாற்றினால் மெஷினுக்கு உடனே ஒரு அறிவிப்பு போகும். மெஷின் அதைத் தவறவிட்டால், தானாக வந்து கேட்பது சுமார் 8 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைக் கட்டாயமாக்க இந்த வேகம் போதும். 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போடுகிற நேரத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்து “பிரிண்ட் வரலை சார்” என்று போன் வந்தால் போதாது. அங்கேதான் ஆர்எம்எம். அவர் திரையைத் தொடாமல், பின்னாலிருந்து பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் சேவை) நிறுத்தி, சிக்கிய ஃபைல்களை அழித்து, மறுபடி ஓட்டிவிடலாம். அவர் பேசி முடிப்பதற்குள் காகிதம் வெளியே வந்துவிடும். டேலி சர்வரில் டிஸ்க் நிறைகிறது என்று முதலில் சொன்னதும் இதுதான்.

ஆனால் அது கொடுக்கும் எச்சரிக்கைகளை அப்படியே விட்டால் மெயில்பெட்டி தாங்காது. ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடினால்கூட சிபியு ஏறிவிட்டது என்று கத்தும். டிஸ்க் இடம், ஹார்ட்டிஸ்க் கோளாறு, பேக்கப் தோல்வி, சர்வர் அணைந்தது, இவற்றைத் தவிர மற்றதையெல்லாம் நான் அணைத்துவிட்டேன்.

பயப்பட வேண்டிய விஷயமும் இருக்கிறது. ஆர்எம்எம் ஏஜென்ட், அதாவது அது மெஷினுக்குள் போட்டு வைக்கும் சிறு புரோகிராம், ஒவ்வொரு மெஷினிலும் உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. 2021 ஜூலையில் கசேயா விஎஸ்ஏ என்ற ஆர்எம்எம் வழியாக ஆர்ஈவில் என்ற ஹேக்கர் கும்பல், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பியபோது, ஸ்வீடனில் கூப் சூப்பர்மார்க்கெட் நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டியிருந்தது. கல்லாப்பெட்டி மென்பொருளைக் கவனித்த நிறுவனம் வழியாக வந்த வினை அது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஆர்எம்எம் கன்சோலை (கட்டுப்பாட்டுத் திரை) நான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், என் ஓட்டு எம்டிஎம்முக்கு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் நின்றன. விண்டோஸே ஏறாதபோது ஆர்எம்எம் ஏஜென்ட் என்ன செய்யும்? பல இடங்களில் ஆள் நேரில் போய் பிட்லாக்கர் சாவியைத் தட்ட வேண்டியிருந்தது. அந்தச் சாவிகளை ஒழுங்காக ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது எம்டிஎம் செய்யும் வேலை. ஆனால் வெளியே போகாத டெஸ்க்டாப்பும் சர்வரும் மட்டுமே இருக்கிற ஆபீஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்எம்எம் எடுங்கள்.

இரண்டும் ஒரே கன்சோலில் வேண்டுமென்றால், நம் ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் இருக்கிறது. டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். 25 சாதனங்கள் வரை இலவசப் பதிப்பு உண்டு. சிறிய ஆபீஸ் அதிலேயே ஆரம்பித்துப் பார்க்கலாம்.

விலை பேசும்போது எதைக் கணக்கிட்டுக் காசு கேட்கிறார்கள் என்று பாருங்கள். இன்டியூன் பொதுவாக ஆள் கணக்கு. பேக்கிங்கில் ஒரே மெஷினில் ஷிஃப்டுக்கு ஒருவர் உட்கார்ந்தால் அது கட்டுப்படியாகாது. ஆர்எம்எம்மில் சிலர் மெஷினுக்கு வாங்குவார்கள், சிலர் டெக்னீஷியனுக்கு. நான் ஒற்றை ஆள், எனக்கு இரண்டாவதுதான் லாபம். அப்புறம், ஒப்பந்தம் முடிந்தால் ஏஜென்ட்டை எப்படிக் கழற்றுவது என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு ஏஜென்ட்டை நீக்கும் பாஸ்வேர்டைக் கொடுக்கவே எங்கள் ஆர்எம்எம் நிறுவனம் வாரக்கணக்கில் இழுத்தடித்தது.