திருட்டுச் செம்பைத் தடுக்க எது உதவும்: பதிவு நோட்டா, யூபிஐயா, நிறுத்திவைப்பா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் காயலான் கடை இல்லாத தெருக்கள் குறைவு. ஏசி வெளி யூனிட்டின் காயில், மோட்டார் வைண்டிங், பித்தளைக் குழாய், தண்ணீர் மீட்டர் என்று எது காணாமல் போனாலும் கடைசியில் ஏறும் தராசு அங்கேதான் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கடைக்காரர் “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே தொங்கிப்போகிறது. ஆகவே எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் இந்த ஒரு பதிலை அது உடைக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

யார் என்ன விற்றார் என்று கடையில் எழுதும் பதிவு நோட்டில் இருந்து தொடங்கலாம். அடகுக் கடைக்குத் தமிழ்நாட்டில் 1943 முதலே தனிச் சட்டமும் உரிமமும் பதிவேடும் இருக்கின்றன. காயலான் கடைக்கும் அதையே கேட்பது நியாயம்தான், செலவும் இல்லை. ஆனால் “முருகன், காப்பர், 6 கிலோ” என்று எழுதிவைத்த நோட்டால் எந்தப் பயனும் இல்லை. “கருப்பு உறை கேபிள், உரிக்காதது, 6 கிலோ 200 கிராம், காலை 7.10, மீன்பாடி வண்டி” என்று எழுதி, தராசின் எண்ணும் சரக்கும் ஒரே படத்தில் தெரிய போனில் ஒரு போட்டோ எடுத்தால்தான் அது சாட்சியாகும். ஆதார் நகல் வாங்குவதானால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதும். முழு எண் போட்ட ஜெராக்ஸ் காகிதங்கள் கடையில் குவிவது இன்னொரு மோசடிக்கு வழி செய்யும்.

ரொக்கத் தடை இதைவிடக் கடுமையானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதை 2012 டிசம்பரில் தடை செய்தார்கள். 2013 சட்டம் உரிமத்தையும், விற்பவரின் பெயர், முகவரியைச் சரிபார்ப்பதையும் கட்டாயமாக்கியது. திருட்டு குறைந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் செம்பு விலையும் இறங்கியது, அதனால் முழுப் பெருமையையும் தடைக்குக் கொடுத்துவிட முடியாது. நம் ஊரில் டீக்கடை வரை யூபிஐ வந்துவிட்டதால் நடைமுறைச் சிக்கல் குறைவு. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: பணம் நண்பனின் எண்ணுக்குப் போய்விடும். பணம் பெறும் கணக்கின் பெயரும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லாவிட்டால் தடை வெறும் பேச்சு. இன்னொரு பக்கம், குப்பை பொறுக்கி அன்றன்றைய சோற்றுக்கு 150 ரூபாய் வாங்கிப்போகும் அம்மாவிடம் வங்கிக் கணக்கு கேட்பது கொடுமை. அவர் கொண்டுவருவது தகரமும் பிளாஸ்டிக்கும்தான், அதற்கு விதிவிலக்கு வேண்டும்.

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் உள்ள நிறுத்திவைப்பு விதிப்படி, வாங்கிய சரக்கைக் குறிப்பிட்ட நாட்கள் உடைக்காமல், விற்காமல் வைத்திருக்க வேண்டும். பறிகொடுத்தவர் வந்து அடையாளம் காட்ட அவகாசம் கிடைப்பதால் “தெரியாது” என்ற பதிலை நேராக உடைப்பது இதுதான். பத்துக்குப் பத்து கடையில் இடம் எங்கே என்பார்கள். இரும்புக்கு அது சரியான கேள்வி, செம்புக்கு அல்ல. 50 கிலோ செம்பு இரண்டு மூன்று கோணியில் அடங்கிவிடும். உண்மையான சுமை முடங்கும் பணம்: கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் 35,000. அதனால்தான் ஏழு நாளைவிட மூன்று நாள் நடக்கக்கூடியது என்று நினைக்கிறோம்.

ஆனால் எரித்த கம்பியாக வந்தால் எத்தனை நாள் நிறுத்தியும் பயனில்லை. உறை போனபின் எந்தக் கேபிள், யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எரித்த செம்பு கறுத்து, பளபளப்பு போய், விலையும் குறையும். அப்படியும் எரிக்கிறார்கள் என்றால் அடையாளத்தை அழிக்கும் அவசரமும் அதில் இருக்கலாம். ஆகவே எரித்த, உரித்த கம்பியைத் தெரியாத ஆளிடம் வாங்கக் கூடாது. ரீவைண்டிங் பட்டறைகளும் எலக்ட்ரீஷியன்களும் நியாயமாகவே அதைக் கொண்டுவருவார்கள். அவர்களைக் கடை முகவரியோடு ஒருமுறை வாடிக்கை விற்பனையாளராகப் பதிந்துகொண்டால் போதும்.

பொருளில் முத்திரை குத்துவது ரயில்வே போன்ற பெரிய உடைமையாளருக்கு உதவும். கொருக்குப்பேட்டை யார்டுப் பக்கம் ரயில்வே இரும்பு கையில் சிக்கினால், அது நியாயமாக வந்தது என்று காட்ட வேண்டியவர் வைத்திருப்பவரே. ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பதற்கான 1966 சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. வீட்டுப் பித்தளைக் குழாயில் யார் முத்திரை குத்துவது?

எங்கள் தேர்வு, கடைக்கு ஒரு விதி என்றில்லாமல் உலோகத்துக்கு ஒரு விதி. செம்பு, பித்தளை, ஏசி காயில், மோட்டார், வண்டிப் பாகம் இவற்றுக்குப் போட்டோவோடு பதிவு, விற்பவர் பெயரிலேயே யூபிஐ, மூன்று நாள் நிறுத்திவைப்பு, மூன்றும் சேர்ந்தே வேண்டும். ஒன்றை விட்டால் சரக்கு அந்த வழியில் வழியும். தகரம், பிளாஸ்டிக், சில்லறை இரும்புக்கு எதுவும் வேண்டாம். இந்த விதி கொடுங்கையூரில் மட்டும் வந்தால் சரக்கு மறுநாள் மாதவரம் போகும் என்பதால், எல்லா மண்டலத்திலும் ஒரே தேதியில் தொடங்க வேண்டும்.