கிருஷ்ணகிரி பக்கம் நார்த் இண்டியன்: ஹைவே தாபாவா, டவுன் ஏசி ஹோட்டலா, ஓசூர் மெஸ்ஸா?

நம்ம பக்கம் நார்த் இண்டியன் சாப்பாடுன்னு கிளம்பினா மூணு வகை கடை தான். ஹைவே ஓரத்து பஞ்சாபி தாபா, டவுனுக்குள்ள இருக்கற ஏசி மல்டி குஸைன் ஹோட்டல், கொஞ்சம் தள்ளி ஓசூர்ல சிப்காட் பக்கம் வடநாட்டுப் பசங்களை நம்பி நடக்கற சின்ன மெஸ். கடை பேர் எதுவும் சொல்லப் போறதில்லைங்க, மாஸ்டர் மாறினா அடுத்த வாரமே ருசி மாறிடும், அதனால வகையைப் பத்தி மட்டும் பேசுவோம். என் கணக்கு ஒண்ணே ஒண்ணு தான், அந்தக் கடையில தினம் யாரு சாப்பிடறாங்களோ அவங்க நாக்குக்கு தான் மாஸ்டர் சமைப்பாரு.

தாபாவை எடுத்துக்கோங்க. என்எச் 44 ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் போற ரோடு, அது நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியா தான் போகுது, சென்னை ரோடும் கிருஷ்ணகிரில வந்து சேருது. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் நம்பர் பிளேட், நாகாலாந்து என்எல் நம்பர்னு லாரி நிக்காத நேரமே கிடையாது. அந்த டிரைவருங்க பல நாளா ரோட்டுலயே கிடக்கறவங்க, அவங்களுக்கு பனீர் பட்டர் மசாலா எல்லாம் வேணாம், சூடா தந்தூரி ரொட்டி, கெட்டியா ஒரு தால், பச்சை வெங்காயம், எலுமிச்சை, பச்சமிளகா, அவ்ளோ தான். நம்ம ஊர்ல களிக்கு கீரைக் கடைசல் எப்படியோ அவங்களுக்கு ரொட்டிக்கு தால் அப்படி. அதுல ஏமாத்தினா அந்த லாரி அடுத்த ட்ரிப் பக்கத்து தாபாவுல நிக்கும், சொல்லிக்கிட்டெல்லாம் போக மாட்டான்.

அதனால தாபாவுல ரொட்டி தான் ராஜா. கோதுமை மாவு, கரி அடுப்பு, மண் தந்தூர். மாவைத் தட்டி துணி மெத்தை மாதிரி ஒண்ணு மேல வெச்சு உள்சுவத்துல அறைவாங்க, சூடு பத்திக்கிட்டா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ரொட்டி ரெடி. அதோட சூட்சுமம் சூடு மட்டும் தான்ங்க, காலைலேர்ந்து அணையாம எரியற தந்தூர்ல ரொட்டி வெளிய மொறுமொறுன்னும் உள்ள மெத்துன்னும் வரும், அரைகுறை சூட்டுல போட்டா காஞ்சு வெறைச்சுப் போயிடும். டவுன் ஏசி ஹோட்டல்ல பாதிக்கு மேல "தந்தூர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தான் சார்"ன்னு சொல்றாங்க இல்ல, அங்கயே விஷயம் முடிஞ்சுது. ஆறு மணிக்கு பத்த வெச்சா ஆறே காலுக்கு வர்ற ரொட்டி எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி ஏசி ஹோட்டல் மோசமான்னா, அப்படி இல்லைங்க. அங்க வர்றது நாம தான், பொறந்தநாளு, கல்யாண நாளு, பெங்களூர்லேர்ந்து வந்த மச்சான் குடும்பம்னு. நமக்கு சிவப்பா, லேசா இனிப்பா, முந்திரி கிரேவி வேணும், அவங்க அதைத் தர்றாங்க. கிச்சன்ல பெரும்பாலும் முந்திரி, வெங்காயம் அரைச்ச வெள்ளை கிரேவி ஒண்ணு, தக்காளி வெண்ணெய் கிரேவி ஒண்ணு, வெங்காயம் தக்காளி வதக்கினது ஒண்ணுன்னு மூணு பானை காலைலயே ரெடியா இருக்கும். மெனுவுல நாப்பது பனீர் ஐட்டம் இருந்தாலும் இந்த மூணையும் கலந்து, குடைமிளகாய் போட்டா கடாய், க்ரீம் ஊத்தினா ஷாஹி, கடைசில கசூரி மேத்தி, அதாவது காஞ்ச வெந்தயக் கீரை, கசக்கிப் போட்டா பட்டர் மசாலா. தெரிஞ்சுக்கிட்டா ஒரு லாபம் இருக்கு, ஒரே டேபிளுக்கு மூணு பனீர் ஆர்டர் பண்ண மாட்டீங்க. ஒரு பனீர், ஒரு தால், கிரேவி இல்லாத ஐட்டம் ஒண்ணு, ஆலு ஜீராவோ (உருளைக்கிழங்கு) பிந்தி மசாலாவோ (வெண்டைக்காய்). பனீரை விரலால அமுக்கிப் பாருங்க, உதிரணும். ரப்பர் மாதிரி எகிறிக் குதிச்சா சந்தேகப்படலாம், பாமாயில், ஸ்டார்ச் எல்லாம் போட்டு பண்ற போலி பனீரும் மார்க்கெட்ல சுத்துது. ஸ்டார்ச் இருந்தா ஒரு சொட்டு அயோடின் விட்டா நீலமாயிடும், ஆனா அயோடின் பாட்டிலோட ஹோட்டலுக்கு போறவரை வீட்ல அடுத்த தடவை கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

தால் மக்கனி மட்டும் தனி கதை. கருப்பு உளுந்தும் ராஜ்மாவும் கணக்கா மெதுவா வேகணும், தந்தூர் தணல் மேல ராத்திரி பூரா கிடந்தா தான் அந்த வழுவழுப்பு வரும். பட்டர் சிக்கனும் தால் மக்கனியும் யாரு கண்டுபிடிச்சதுன்னு மோத்தி மஹால், தர்யாகஞ்ச்னு ரெண்டு டெல்லி ஹோட்டல்காரங்க 2024-ல டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டு அடிச்சுக்கிட்டாங்க, அவ்ளோ மதிப்பு அந்த தாலுக்கு. நம்ம ஏசி ஹோட்டல்ல பலதுலயும் அது குக்கர் விசில், மேல க்ரீம், சாப்பிடலாம் அவ்ளோ தான். தாபாவுல தால் மக்கனியே இல்லாமலும் போகலாம், அங்க தால் தட்கா கேளுங்க, நெய்யில பூண்டும் வரமிளகாயும் பொரிச்சு மேல கொட்டற சத்தம் டேபிள் வரைக்கும் கேக்கணும்.

ஓசூர் மெஸ்ஸு நான் ரொம்ப சிபாரிசு பண்ற இடம், ஆனா தனியாவோ நண்பர்களோடவோ போறவங்களுக்கு மட்டும். கம்பெனி ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற பீகார், ஒடிசா பசங்க சாப்பிடற இடம், தந்தூர் கிடையாது, தவால போட்டு நெருப்புல உப்ப வைக்கற புல்கா, சோறு, தால், உருளைக்கிழங்கு சப்ஜி, ஒரு ஊறுகா. எண்ணெய் கடுகெண்ணெயா இருந்தா முதல் வாய் மூக்குல ஏறும், பழகிடும். காசு கம்மி, வயிறும் அடுத்த நாள் சும்மா இருக்கும். உக்காந்து பேச இடம் இருக்காது, சாப்பிட்டோமா எழுந்தோமான்னு போயிட்டே இருக்கணும்.

பில்லுல ஒரு விஷயம் கவனிங்க. சாதாரண ஹோட்டல்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு தான், 1000 ரூபா பில்லுக்கு 50. சின்ன கடை காம்போசிஷன் ஸ்கீம்ல (விற்பனைல ஒரு சின்ன சதவீதத்தை கடைக்காரரே வரியா கட்டற திட்டம்) இருந்தா நம்மகிட்ட தனியா டேக்ஸ் வாங்கவே கூடாது, அதனால துண்டுச் சீட்டுல ஜிஎஸ்டின்னு பேனாவால எழுதி நீட்டினா ஜிஎஸ்டி நம்பர் எங்கன்னு கேளுங்க. சர்வீஸ் சார்ஜை தானா சேர்க்கக் கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை சரின்னுடுச்சு. எடுக்கச் சொன்னா பெரும்பாலும் எடுத்துடுவாங்க.

குடும்பத்தோட போறதுன்னா எனக்கு தாபாவுல ஒரே தயக்கம் பாத்ரூம் தான், ராத்திரி ஒன்பதுக்கு மேல சில தாபாவுல பாட்டில் கோஷ்டி வேற உக்காந்துடும். அதனால பகல்லயோ ஏழு மணிக்குள்ளயோ தாபா, ராத்திரி பசங்களோட, ஆயாவோடன்னா ஏசி ஹோட்டல். ஆயாவுக்கு ரொட்டி கடிக்க முடியாதுன்னா தால் கிச்சடி சொல்லுங்க, மெனுவுல இல்லாட்டியும் கேட்டா பண்ணித் தருவாங்க, பல் இல்லாதவங்களுக்கு அதை விட சேஃபான ஐட்டம் கிடையாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெங்களூர் திரும்பற கூட்டம் சூளகிரி, ஓசூர் பக்கம் மொத்தமா இறங்கும், இருக்கறது ஒரு தந்தூர், முப்பது டேபிள், அன்னைக்கு மட்டும் காவேரிப்பட்டணம், தர்மபுரி பக்கமா வண்டியைத் திருப்புங்க. எங்க போனாலும் 'நான்' ரொட்டியை மட்டும் பார்சல் வாங்காதீங்க, வீடு வந்து சேர்றதுக்குள்ள அது வேற பொருளாயிடும்.