ஊட்டிக் குளிரில் கீமோ நடக்கும் வீட்டுக்கு எந்தச் சாமான் உதவும், எது உதவாது

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுவது கோயம்புத்தூரில், வீடு ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ. மலைமேல் இருக்கும் பல குடும்பங்களின் நிலை இதுதான். கணவருக்கோ மனைவிக்கோ கடைசி இரண்டு மூன்று சைக்கிள் (மருந்து ஏற்றும் சுற்று) பாக்கி இருக்கும்போது டிசம்பர் வந்துவிட்டால், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாய் வாங்கிவந்து வைப்பார்கள்: நெற்றித் தெர்மாமீட்டர், ஹீட்டர், வெந்நீர்ப் பை, ஹ்யூமிடிஃபையர், கம்பளிக் குல்லா. நல்ல உடம்புக்கு எல்லாமே சரிதான். கீமோ உடம்பில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருக்கும், விரல்நுனி மரத்திருக்கும். இந்த மதிப்புரை அந்த உடம்பை வைத்துத்தான். கடையில் நான்கரை நட்சத்திரம் வாங்கிய சில சாமான்கள் இங்கே ஒன்றுகூடத் தேறாது.

முதலில் தெர்மாமீட்டர். வீட்டில் இருக்க வேண்டிய சாமான்களில் விலை குறைந்ததும் இதுதான், தவறினால் அதிகம் கெடுப்பதும் இதுதான். நெற்றிக்கு நேரே பிடிக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும், ஒரு நொடியில் எண் காட்டும், தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் அது அளப்பது நெற்றித் தோலின் சூட்டை; அதிலிருந்து உடம்புச் சூட்டைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், நெற்றி ஆறிவிடும், எண் குறைவாக வரும். குல்லாவைக் கழற்றிய கையோடு அளந்தாலும், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அளந்தாலும் எண் ஏறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தால், எந்த அறைச் சூட்டில் இது வேலை செய்யும் என்று போட்டிருக்கும். பல மாடல்களில் 10 அல்லது 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். ஜனவரி விடியற்காலையில் ஹீட்டர் இல்லாத மலை வீட்டு அறை அந்த அளவுக்கு வெளியே போய்விடும். குளிர்ந்த அறையில் கிடந்த துப்பாக்கியை எடுத்துவந்து உடனே பிடிப்பதும் தப்பு; அளக்கும் அறையில் கால் மணி முதல் அரை மணி நேரமாவது அது கிடக்க வேண்டும். இன்னொரு சங்கடம், பல மாடல்களில் உடம்பு, பொருள் என்று இரண்டு மோடு உண்டு. பால் சூட்டைப் பார்க்கப் பிள்ளைகள் மோடை மாற்றி வைத்துவிட்டால், காய்ச்சல்காரருக்கும் 94 ஃபாரன்ஹீட் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

வாங்க வேண்டியது நாக்கடியிலோ அக்குளிலோ வைக்கும் டிஜிட்டல் குச்சி. ஓம்ரான், ஹிக்ஸ் என்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். நல்ல குச்சியின் பிழை அளவு 0.1 டிகிரி செல்சியஸ். துப்பாக்கிகளுக்கு அது பொதுவாக 0.2, 0.3 வரை போகும். இரண்டாக வாங்குங்கள். ஒன்று நோயாளிக்கு மட்டும், பெயர் ஒட்டி வைத்தது. மற்றது வீட்டில் மற்றவர்களுக்கு. சளியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளையின் வாயில் வைத்ததை அம்மாவின் வாயில் வைக்கக் கூடாது. பட்டன் பேட்டரி பெரும்பாலும் எல்ஆர்41; ஒன்று உபரியாக இருக்கட்டும், தீருவது எப்போதும் ராத்திரியில்தான்.

அளப்பதில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. சூடாகக் காபியோ கஞ்சியோ குடித்த உடனே வாயில் வைப்பது ஒன்று. அரை மணி விட வேண்டும். கீமோவால் வாய் புண்ணாகியிருந்தால் வாயே வேண்டாம், அக்குள் போதும். அக்குளில் பீப் சத்தம் கேட்டதும் எடுத்துவிடுவது இரண்டாவது. எண் ஏறும் வேகம் குறைந்ததும் பீப் அடிக்கிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஸ்வெட்டரைத் தூக்கிக் குளிர்ந்த அக்குளில் வைத்தால் அது சீக்கிரமே ஏமாந்துவிடும். கையை உடம்போடு ஒட்டி வைத்து மொத்தம் ஐந்து நிமிடம் விடுங்கள். மூன்றாவது, அக்குள் அளவோடு ஒரு டிகிரி கூட்டிச் சொல்வது. கூட்டாதீர்கள். "அக்குளில் இவ்வளவு" என்று அப்படியே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆசனவாயில் அளப்பது கீமோ காலத்தில் கூடவே கூடாது. சின்னக் கீறலே கிருமி உள்ளே போக வழியாகிவிடும்.

காதில் வைக்கும் வகை இரண்டுக்கும் நடுவில். அளவு பரவாயில்லை, ஆனால் முனையில் மாட்டும் உறை தீர்ந்துபோனால் மலைமேல் கிடைப்பது கஷ்டம். ஒருக்களித்துப் படுத்திருந்த பக்கத்துக் காதில் அளந்தால் எண் கூடவும் செய்யும்.

தெர்மாமீட்டருக்கு இவ்வளவு பேச்சு எதற்கென்றால், கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, பல மருந்துகளில், வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் அது அவசர கேஸ். ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு. ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டர் சொச்சம். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனவே கீமோ ஆரம்பிக்கும்போதே, ராத்திரி காய்ச்சல் வந்தால் மேலேயே எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஊசி போட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று கோவை டாக்டரிடமே எழுதி வாங்கி, தெர்மாமீட்டர் டப்பாவுக்குள் மடித்து வையுங்கள். "ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம்" என்பது இங்கே உதவாது. மாத்திரை எண்ணை இறக்கும், கிருமியை இறக்காது. எண் ஏறாமல் உடம்பு மட்டும் தூக்கிப்போட்டு நடுங்கினாலும், 96.8க்குக் கீழே இறங்கினாலும் அதே அவசரம்தான். குளிர் நடுக்கம் என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் படுப்பதுதான் மலைவீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு.

அடுத்து ஹீட்டர். ஆயில் ஹீட்டர் மட்டுமே சிபாரிசு. ஒன்பது பட்டை உள்ளது, ஏறத்தாழ 2000 வாட், கதவு சாத்திய பத்துக்குப் பத்து அறைக்குத் தாராளம். சூடேற அரை மணி ஆகும் என்பதுதான் குறை. படுக்கப் போகுமுன்பே போட்டுவிட வேண்டும். காற்றை முகத்தில் ஊதாது, வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, தெர்மோஸ்டாட் தானே நிறுத்திப் போடும். 2000 வாட் என்றால் 9 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். 16 ஆம்ப் பவர் பாயிண்டில் நேராகச் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ கன்வெர்ட்டர் பிளக் போட்டு 6 ஆம்ப் பாயிண்டிலோ சொருகினால் பிளக் உருகும் நாற்றம்தான் முதல் அறிகுறி. கரண்ட் கணக்கு: ராத்திரி ஆறு மணி நேரம், அதில் பாதி நேரம் ஓடினால் 6 யூனிட். இரண்டு மாத பில்லில் 360 யூனிட் கூடும், ஸ்லாப்பும் மாறும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

துணி காயாத ஊரில் ஹீட்டர் மேல் ஈரத் துண்டைப் போடக் கை துறுதுறுக்கும். போட்டால் உள்சூடு ஏறி மெஷின் நின்றுவிடும், மோசமானால் தீப்பிடிக்கும். கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும்; மரத்துப்போன கால் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

ஃபேன் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் சூடாக்கும், ஆனால் வறண்ட காற்றை மூக்கில் அடிக்கும். தட்டணு குறைந்தவருக்கு மூக்கு வறண்டால் ரத்தம் வரும், வந்தால் லேசில் நிற்காது. சிவப்பாக எரியும் ஹாலஜன் விலை மலிவு. அது எதிரே இருக்கும் பக்கத்தை மட்டும் வறுக்கும். ரேடியேஷன் கொடுத்த மார்பிலோ கழுத்திலோ அந்தச் சூடு படவே கூடாது. கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது யாருக்குமே ஆகாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடில் உயிர்விட்டிருக்கிறார்கள்.

வெந்நீர்ப் பைக்குப் பூஜ்ஜியம். ரப்பர் பையோ, கரண்டில் சூடாகும் ஜெல் பையோ, இரண்டுக்கும் அதே மதிப்பெண். குடல் புற்றுநோய்க்கு அதிகம் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில மணி நேரத்திலேயே, குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்று இழுக்கும். குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகும். குளிர்காற்றை இழுத்தால் மூச்சே அடைத்த மாதிரி தோன்றும். நாலைந்து நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில், குறையும். அதனால் கைக்குச் சூடு கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதே மருந்தோடு வீட்டில் சாப்பிடக் கொடுக்கும் கேபசிட்டபின் மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்துத் தோலை உரிக்கும். அதற்குச் சூடு ஆகாது. குளிரும் ஆகாது, சூடும் ஆகாது என்ற இந்த இரட்டைத் தொல்லைக்கு ஒரே வழி வெதுவெதுப்பு: பருத்திக் கையுறை, தளர்ந்த பருத்தி சாக்ஸ், யூரியா கலந்த க்ரீம். எலெக்ட்ரிக் போர்வையும் இதே காரணத்தால் வேண்டாம். குளிக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். சூட்டைக் கை மரக்காத ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

பருத்திக் கையுறை ஜோடி முப்பது நாற்பது ரூபாய். ஆறு ஜோடி வாங்கி எங்கே கை குளிர்ந்த உலோகத்தில் படுமோ அங்கெல்லாம் ஒன்று வையுங்கள்: ஃப்ரிட்ஜ் கைப்பிடி, வாசல் தாழ்ப்பாள், ஸ்கூட்டர் சாவி, சமையலறைக் குழாய். விடிகாலை எவர்சில்வர் டம்ளரே அவருக்கு எதிரி; பீங்கான் கப்புக்கு மாறிவிடுங்கள். கொடுத்த மதிப்பெண்ணில் காசுக்கு அதிகம் தேறியது இந்தக் கையுறைதான்.

ஃப்ளாஸ்க் அவசியம். அரை லிட்டர், உள்ளும் புறமும் ஸ்டீல், குறுகிய வாயில்லாமல் கைபோட்டுக் கழுவ முடிகிற அகலம். தலைமாட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் ராத்திரி தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர் தேட வேண்டாம். மூடியின் ரப்பர் வாஷரைத் தினமும் கழற்றித் தேய்க்க முடியாத மாடல் என்றால், எவ்வளவு நல்ல பிராண்டானாலும் விட்டுவிடுங்கள். அதற்கடியில்தான் பால் ஆடை தங்கிக் கெடும். பாலும் சூப்பும் அதில் நாள் முழுக்க வேண்டாம். வாய் கொப்பளிக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. இதற்குத் தனிப் பாத்திரம், தினமும் புதிதாக. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாங்கவே வேண்டாம், எரியும்.

அறைக் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹ்யூமிடிஃபையர் தள்ளுபடி. தொட்டித் தண்ணீரில் கிருமி வளரும், அதையே அறை முழுக்கத் தெளிக்கும். மூக்கு வறட்சிக்குச் சலைன் சொட்டு போதும்.

உடைக்கு வந்தால், பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துத் திபெத்தியன் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் எடுப்பதாக இருந்தால் தலைவழியாகப் போடுவதை விட்டுவிட்டு முன்னால் ஜிப் வைத்ததாக எடுங்கள். மார்பில் கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்த சிறு கருவி) உள்ளவர் ஜிப்பை இறக்கினால் போதும். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நரம்பில் விட்டிருக்கும் குழாய்) உள்ளவருக்குத் தொளதொளவென்ற கை வேண்டும். கம்பளிக் குல்லா முடி உதிர்ந்த தலையில் அரிக்கும், உள்ளே பருத்தித் துணி தைத்ததைப் பாருங்கள். கீமோ நாளுக்கு மூன்று அடுக்காய் உடுத்துவது வசதி. கோவையில் மதியம் முப்பது டிகிரி, திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது எட்டோ பத்தோ. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய அன்று சாயங்காலம் வண்டியில் ஏசி வேண்டாம், கண்ணாடி ஏற்றியே இருக்கட்டும், மலைப்பாதையில் பர்லியார் தாண்டுமுன் மூக்கையும் வாயையும் சேர்த்து மஃப்ளர் சுற்றிவிடுங்கள். வாசலில் இறங்கி முதல் மூச்சு இழுக்கும்போதுதான் பலருக்குத் தொண்டை இறுகிப் பயம் பிடிக்கும்.

கடைசி சைக்கிள் முடிந்த கையோடு இவற்றை மூட்டை கட்டிவிட வேண்டாம். குளிர் பட்டதும் இழுக்கும் சுரீர் சீக்கிரம் போய்விடும், ஆனால் ஆக்ஸாலிபிளாட்டினால் வரும் மரத்துப்போதல் மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போகலாம். ஆகவே பிப்ரவரியில் முடித்தவருக்கு ஏப்ரல் வரையாவது வாளித் தண்ணீர்ச் சூட்டை இன்னொருவர் பார்ப்பதும், ஹீட்டர் மூன்றடி தள்ளி இருப்பதும் தொடரட்டும். சட்டைப் பட்டன் போட முடியாமல் போவது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது இரண்டில் எது தெரிந்தாலும், அடுத்த செக்கப் தேதிவரை காத்திராமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.