வட்டாரப் புத்தாக்க மதிப்பெண் பட்டியல் 2023: வடிவமைப்பு எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

ஐரோப்பிய ஆணையம் 2023இல் இலவசமாக வெளியிட்ட இந்தப் பட்டியல், 239 வட்டாரங்களின் புத்தாக்கத் திறனை ஒப்பிடுகிறது. கோபன்ஹேகனை உள்ளடக்கிய ஹோவெட்ஸ்டாடன் வட்டாரம் அதில் முதலிடம் பெற்றுள்ளது. வரைபடங்கள் தெளிவாக உள்ளன, தரவுகளையும் எளிதாகப் பதிவிறக்கலாம்.

என் தயக்கமெல்லாம், ஒரு பொருளின் தோற்றத்துக்கு உரிமை கோரும் வடிவமைப்பு விண்ணப்பங்களை வட்டார உற்பத்தி மதிப்போடு ஒப்பிடும் அளவுகோலைப் பற்றியதே. ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் இயங்கும் ஐரோப்பிய அறிவுசார் சொத்துரிமை அலுவலகம், ஒரு வடிவம் உண்மையிலேயே புதியதா என்று ஆராயாமலேயே அதைப் பதிவுசெய்கிறது. ஆகவே, ஒரே நாற்காலியின் சிறுசிறு மாற்றங்களைத் தனித்தனியாகப் பதிந்தால், அவை ஒவ்வொன்றும் முற்றிலும் புதியதொரு வடிவத்துக்கு இணையாகவே எண்ணப்படும். (அமெரிக்காவில் வடிவமைப்புக் காப்புரிமைக்குப் புதுமை ஆய்வு உண்டு என்பதால், அங்குள்ள எண்ணிக்கையை இதனோடு நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.) மறுபுறம், பதிவு செய்யாத வடிவங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு, பருவந்தோறும் மாறும் ஆடைத் துறைக்கு அதுவே போதுமானதாகிவிடுவதால், அத்தகைய உழைப்பு கணக்கில் ஏறுவதேயில்லை.

மரச்சாமான், விளக்கு, பீங்கான் தொழில்கள் செழித்த வட்டாரங்களை ஆராய்வோருக்கு இந்த அளவுகோல் பயன்படும். மென்பொருள் சேவையை நம்பிய வட்டாரத்தை இதைக் கொண்டு எடைபோட நான் பரிந்துரைக்க மாட்டேன்.